ஹாம்போ ஆடக் கற்றுக்கொள்ள: ஸ்வீடனின் ஜோடி நடனத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்வீடனில் ஒரு நாட்டுப்புற நடன மாலைக்குப் போனால் வால்ட்ஸ், ஷொட்டிஸ், போல்க்கா, மசூர்க்கா, ஸ்னோவா, போல்ஸ்கா, ஹாம்போ என்று மாற்றி மாற்றி வாசிப்பார்கள். முதல் சிலவற்றைப் பார்த்தபடியே ஓரளவு ஒட்டிக்கொள்ளலாம். ஹாம்போ தொடங்கினால் புதியவர்களில் பாதிப்பேர் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். இத்தனைக்கும் அதில் இருக்கும் அடிகள் சொற்பம், காகிதத்தில் எழுதினால் பத்து வரிகூட வராது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், பாதங்களின் வரிசையை மனப்பாடம் செய்துவிட்டு இசையைப் பின்னணியாக விட்டுவிடுகிறார்கள். உடம்பின் எடை எந்தத் தட்டில் இறங்குகிறது, எதில் எழுகிறது என்பதுதான் ஹாம்போ. அதனால் காதில் தொடங்கி, முழங்காலுக்கு வந்து, அதன்பிறகே பாதத்தைத் தொடுவோம்.

ஹாம்போ எங்கிருந்து வந்தது

இதன் மூலம் போல்ஸ்கா. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போலந்து அரசவை நடனங்களிலிருந்து வடக்கே போன மூன்று தட்டு ஜோடி நடனம் அது. ஸ்வீடன் கிராமங்களில் அது தலைமுறை தலைமுறையாக ஊருக்கொரு விதமாக வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வால்ட்ஸும் போல்க்காவும் ஷொட்டிஸும் வந்தன, கூடவே அக்கார்டியனும் வந்தது. பழைய போல்ஸ்காக்கள் பல ஊர்களில் மறைந்தன. புதிய நடனங்களோடு ஈடுகொடுத்து ஆட்டக் கூடங்களில் தங்கிய போல்ஸ்கா வடிவம்தான் ஹாம்போ.

அதே நூற்றாண்டில் பரவிய மத எழுச்சி இயக்கங்கள் ஃபிடிலைச் சாத்தானின் வாத்தியம் என்றன. மனம் திரும்பியவர்கள் ஃபிடிலை அடுப்பில் போட்ட ஊர்களும் உண்டு. இந்த அழிவைக் கண்டு கவலைப்பட்டவர்களில் ஒருவர் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன். 1906-இல் டாலார்னா பகுதியின் கெசுண்டாவில் கிராமத்து ஸ்பெல்மன்களை, அதாவது நாட்டுப்புற வாத்தியக்காரர்களைக் கூட்டி ஒரு போட்டி நடத்தினார். 1910-இல் ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நாடு தழுவிய கூடுகை நடந்தது. சோர்ன் பெயரிலான பதக்கத்தை இன்றும் நடுவர்கள் முன் வாசித்துத்தான் வாங்க வேண்டும். வெள்ளிப் பதக்கம் பெற்றவருக்கு 'ரிக்ஸ்ஸ்பெல்மன்' பட்டம். மெட்டுகளைச் சேகரித்த பணி 1922 முதல் 1940 வரை 24 தொகுதிகளாக அச்சாயிற்று.

நடனத்தின் கதி வேறு. 1880-இல் உப்சாலா மாணவர்கள் தொடங்கிய ஃபிலோகோரோஸ் சங்கம் 'நாட்டுப்புற நடனம்' என்று ஆடியவற்றில் பெரும்பகுதி மேடைக்காக அமைக்கப்பட்டவை. பல ஜோடிகள் வரிசையிலும் சதுரத்திலும் நின்று சீருடையோடு ஆடுகிற காட்சி நடனங்கள் அந்த வழியில் வந்தவை. ஊர்க்கார ஜோடி நடனமோ முதியவர்களின் கால்களிலேயே தங்கியிருந்து, 1970-களின் நாட்டுப்புற இசை அலையோடுதான் மறுபடி தேடி எடுக்கப்பட்டது. சுற்றுலா விளம்பரத்தில் பார்க்கும் நடனமும் சனிக்கிழமை இரவு ஊர்க்கூடத்தில் ஆடும் நடனமும் வேறுவேறாக இருப்பதற்கு இதுவே காரணம். நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி. அதற்குப் பாரம்பரிய உடை தேவையில்லை.

முதலில் காது

ஹாம்போ மூன்று தட்டு கொண்டது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது உடனே திஸ்ரம் என்று எடுத்துக்கொள்ளும். அது உதவிதான், ஆனால் மூன்றும் ஒரே கனம் என்று எண்ணினால் ஆட்டம் தட்டையாகிவிடும். முதல் தட்டு மிகக் கனமானது. மூன்றாவதும் கனமானது. இரண்டாவது இலேசானது. வாசிப்பவரின் காலைப் பாருங்கள்: போல்ஸ்கா குடும்பத்து மெட்டுகளில் அவர் பாதம் தரையைத் தட்டுவது பெரும்பாலும் 1-லும் 3-லும்தான். வால்ட்ஸில் இப்படி வராது. இந்த ஒரு அடையாளம் போதும், மெட்டு தொடங்கிய நாலைந்து நொடிகளில் வால்ட்ஸா ஹாம்போவா என்று பிரித்துவிடலாம்.

வீட்டுப் பயிற்சி: ஒரு ஹாம்போ பதிவை ஓடவிட்டு, உட்கார்ந்தபடி வலது குதிகாலால் 1, 3 மட்டும் தட்டுங்கள். இரண்டாவது தட்டில் கால் காற்றில் இருக்க வேண்டும். கால் தானாகத் தட்டத் தொடங்கியதும் விரல்களில் ஆவர்த்தனம் (மூன்று தட்டு சேர்ந்தது ஒன்று) எண்ணுங்கள். எட்டு ஆவர்த்தனம் ஒரு சுற்று. நடனத்தின் அமைப்பும் அதே எட்டுதான். இருபத்துநான்கு தட்டுகளை எண்ண முயல வேண்டாம். ஆடும்போது மூளைக்கு அவ்வளவு இடம் இருக்காது.

ஆட்டக் கூடங்களில் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 110 தட்டு. கற்கும்போது 90-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே போனால் சுழற்சிக்கு வேண்டிய உந்துதல் கிடைக்காது, நடுவில் நின்று தள்ளாடுவீர்கள்.

காலணி, தரை, பிடி

தோல் அடி கொண்ட, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் காலணி வேண்டும். ரப்பர் அடி தரையைக் கவ்வும். உடம்பு திரும்பிவிடும், பாதம் திரும்பாது, அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். ஆரம்பக்காரர்களின் முழங்கால் வலியில் பெரும்பகுதி இதனால்தான். தோல் காலணி இல்லையென்றால் ரப்பர் அடியின் முன்பகுதியில் மட்டும் துணிப் பிளாஸ்திரி ஒட்டிப் பழகலாம். சாக்ஸோடு ஆடாதீர்கள், வழுக்கும்.

ஜோடிகள் கூடத்தை இடஞ்சுழியாகச் சுற்றிப் போவார்கள். ஒவ்வொரு ஜோடியும் தனக்குள் வலஞ்சுழியாகச் சுழலும். மரபில் ஆண் நடத்துவார், பெண் இணை. இன்று யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் ஆடுகிறார்கள். அதனால் 'நடத்துபவர்', 'இணை' என்றே சொல்கிறோம்.

திறந்த பிடியில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில், போகும் திசையைப் பார்த்து நிற்பார்கள். நடத்துபவரின் வலது கை இணையின் முதுகில், இணையின் இடது கை நடத்துபவரின் வலது தோளில். வெளிக்கைகள் சும்மா தொங்கலாம், இடுப்பிலும் வைக்கலாம். மூடிய பிடியில் எதிரெதிராக, சற்றே வலப்பக்கம் விலகி நிற்க வேண்டும்; ஒவ்வொருவரின் வலது பாதமும் மற்றவரின் இரு பாதங்களுக்கு நடுவே நுழையும்படி. நடத்துபவரின் இடது கை இணையின் வலது மேற்கையை முழங்கைக்குச் சற்று மேலே பிடிக்கும். இணையின் வலது கை அவருடைய இடது மேற்கையில்.

இந்தப் பிடி இறுக்கமாக இருக்கக் கூடாது, தளர்ந்தும் இருக்கக் கூடாது. இருவரும் முதுகால் மெல்லப் பின்னோக்கிச் சாய்ந்து, ஒருவர் எடையை மற்றவர் கையில் கொஞ்சம் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால்தான் ஜோடிக்கு நடுவில் ஒரு அச்சு உருவாகும். கொடுக்காவிட்டால் ஒருவர் மற்றவரை இழுத்துக்கொண்டு ஓடுவார். தோள்களைத் தூக்கினாலும் அச்சு போய்விடும்.

முழங்கால்: ஸ்வீக்ட்

ஸ்காண்டிநேவிய நடனக்காரர்கள் ஓயாமல் சொல்லும் சொல் இது. தட்டோடு சேர்ந்து உடம்பு இறங்கி எழும் அசைவு. ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவரின் முழங்கால் எப்படி இளகியிருக்குமோ, அப்படி இருக்க வேண்டும்.

கால்களைச் சேர்த்து நின்று இசையைப் போடுங்கள். 1-இல் முழங்காலை இளக்கி இறங்குங்கள். 2-இல் எழுங்கள், குதிகால் தரையைவிட்டு இலேசாக உயரட்டும். 3-இல் பாதி இறங்குங்கள். திரும்ப 1-இல் முழுதாக. தலை கோணாமல் நேராக மேலும் கீழும் போக வேண்டும். கண்ணாடி முன் பார்த்தால் தெரியும். இதில் குதிப்பு இல்லை. குதித்தால் 2-க்குப் பிறகு காற்றில் மாட்டிக்கொண்டு 3-ஐத் தவறவிடுவீர்கள். பத்து நிமிடம் இதை மட்டும் செய்யச் சொன்னால் பலருக்கு அலுப்பாக இருக்கும். ஆனாலும் இதைத் தாண்டிப் போனவர்களே பிறகு மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

ஏணிப்படி: ஷொட்டிஸும் ஸ்னோவாவும்

ஹாம்போவுக்கு முன் இவை இரண்டையும் பழகினால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஷொட்டிஸ் நான்கு தட்டு. நடத்துபவர் இடது, வலது, இடது என மூன்று அடி, நான்காவதில் அதே இடது காலில் சிறு எழுச்சி. பிறகு வலதில் தொடங்கி அதேபோல். இணைக்குக் கால்கள் எதிர்மாறு. அதன்பின் மூடிய பிடியில் நான்கு 'அடி-எழுச்சி'களோடு இரண்டு முழுச் சுற்று. இசைச் சொற்றொடருக்கு ஏற்பத் திறப்பதும் மூடுவதும் இதில் பழகும்.

ஸ்னோவா போல்க்கா வேகத்தில் இரண்டு தட்டு. தட்டுக்கு ஒரு அடி, இரண்டு அடியில் ஒரு முழுச் சுற்று. அவ்வளவுதான். முன்னோக்கிப் போகும் அரைச்சுற்றில் வலது கால் எதிராளியின் கால்களுக்கு நடுவே போகும். அடுத்த அரைச்சுற்றில் அவர் வலது கால் உங்கள் கால்களுக்கு நடுவே வரும். எடை கொடுத்துச் சுழல்வது என்றால் என்னவென்று உடம்புக்குப் புரிவது இங்கேதான். ஸ்னோவாவில் பத்துச் சுற்று தடுமாறாமல் போக முடிந்தால் ஹாம்போவுக்கு வரலாம்.

ஹாம்போவின் எட்டு ஆவர்த்தனம்

முதல் இரண்டும் டால்ஸ்டெக் என்ற அடி. திறந்த பிடி. ஆவர்த்தனம் 1: வெளிக்காலால் (நடத்துபவர் இடது, இணை வலது) 1-இல் முன்னே ஒரு அடி வைத்து இறங்குங்கள். 2-இல் எழும்போது உட்கால் தாழ்வாக முன்னால் வீசிப் போகட்டும். 3-இல் மெல்ல இறங்கி நில்லுங்கள். ஆவர்த்தனம் 2: அதையே உட்காலில். வீசும் கால் கணுக்கால் உயரத்தைத் தாண்ட வேண்டாம். உயரத் தூக்கினால் மேடை நடனமாகிவிடும், நேரமும் போதாது.

ஆவர்த்தனம் 3, உள்ளே வருவது. தட்டுக்கு ஒன்றாக மூன்று சிறு அடிகள். நடத்துபவர் இடது, வலது, இடது. இணை வலது, இடது, வலது வைத்தபடி அவர் முன்னால் வந்து திரும்ப, மூடிய பிடி பிடிக்க வேண்டும். நடத்துபவரின் அடிகள் மிகச் சிறியவையாக இருக்கட்டும், இணைக்குத்தான் போக வேண்டிய தூரம் அதிகம். நடத்துபவர் வேகமாக முன்னேறினால் இணை அவருக்கு முன்னால் வரவே முடியாது. ஹாம்போ கெடுவதற்கு முதல் இடம் இது.

ஆவர்த்தனம் 4 முதல் 7 வரை சுழற்சி. ஆவர்த்தனத்துக்கு ஒரு முழுச்சுற்று, மொத்தம் நான்கு.

நடத்துபவரின் கால்: 1-இல் வலது, இணையின் கால்களுக்கு நடுவே முன்னோக்கி, ஆழ்ந்து இறங்கி. 2-இல் இடது, இணையைச் சுற்றி அவர் முன்னால், அந்தக் காலின் மேலேயே திரும்பியபடி. 3-இல் இரண்டும்: வலது பாதம் இடது குதிகால் அருகே தரையைத் தொடும், ஆனால் எடை பெரும்பாலும் இடதில். அடுத்த 1-க்கு வலது கால் விடுதலையாக இருக்க வேண்டுமே.

இணையின் கால்: 1-இல் இடது, பின்னோக்கிச் சுற்றி, இறங்கி. 2-இல் இரண்டும்: வலது பாதத்தின் முன்பகுதி இடது குதிகாலுக்குப் பின்னால் தொட்டு, அங்கேயே திரும்பி. 3-இல் வலது, நடத்துபவரின் கால்களுக்கு நடுவே முன்னோக்கி.

வாயால் சொல்லிப் பழகுங்கள். நடத்துபவர்: 'வலது, இடது, இரண்டும்'. இணை: 'இடது, இரண்டும், வலது'. ஒருவருக்கு 'இரண்டும்' 3-இல் வருகிறது, மற்றவருக்கு 2-இல். எதிரிலிருப்பவரின் காலைப் பார்த்துக் கற்க முயன்றால் குழம்புவது இந்த வேறுபாட்டால்தான். முதலில் தனித்தனியாக, சுவரை நோக்கி நின்று, ஆவர்த்தனத்துக்குக் கால்சுற்று மட்டும் திரும்பிப் பழகுங்கள். பிறகு அரைச்சுற்று. முழுச்சுற்று ஜோடியாக மட்டும். தனியாகச் செய்தால் அச்சு தவறான இடத்தில் பதிந்துவிடும்.

ஆவர்த்தனம் 8, வெளியே போவது. மூன்று அடிகளில் மெல்லத் திறந்து பழைய நிலைக்கு. நடத்துபவர் வலது, இடது, வலது. இணை இடது, வலது, இடது. மீண்டும் வெளிக்கால் விடுதலை.

எது தவறும், ஏன்

நான்காவது சுற்றை நிறுத்த முடியாமல் ஐந்தாவதுக்குப் போவது மிகச் சாதாரணம். கடைசிச் சுற்றில் நடத்துபவர் வலது கையின் பிடியைத் தளர்த்தி, முழுச்சுற்றுக்குச் சற்று முன்பே திறக்க வேண்டும்.

'இரண்டும்' வரும் தட்டில் தடுமாறினால், இரு காலிலும் சம எடை வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அப்படி நின்றால் அடுத்த கால் கிளம்ப ஒரு கணம் தாமதமாகும். அந்தத் தாமதம் நான்கு சுற்றில் சேர்ந்து, 8-ஆவது ஆவர்த்தனம் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

ஜோடி கூடத்தின் நடுவை நோக்கி விலகிப் போனால், நடத்துபவர் 1-இல் வலது காலைப் போகும் திசையில் வைக்காமல் இடப்பக்கம் சாய்த்து வைக்கிறார். சுற்று முழுமையாகாமல் குறைந்தால் பெரும்பாலும் அடிகள் மிகப் பெரியவை. ஒரு பாத நீளத்துக்கு மேல் வேண்டாம்.

தலைசுற்றினால் கூடத்தின் சுவரைப் பார்ப்பதை விடுங்கள். எதிரிலிருப்பவரின் காதையோ தோளையோ பாருங்கள். முடிந்ததும் பிடியை உடனே விடாமல் இரண்டு மூச்சு அப்படியே நில்லுங்கள். பயிற்சி நாளில் ஐந்து நிமிடம் சுழற்சி, ஐந்து நிமிடம் டால்ஸ்டெக் என்று மாற்றிக்கொண்டால் குமட்டல் வராது. சில வாரங்களில் உடம்பே பழகிவிடும்.

வாசிக்க விரும்புவோருக்கு

ஃபிடில்தான் அடிப்படை. நடனத்துக்கு வாசிக்கும்போது இடது கை விரல்களைவிட வில்லே முக்கியம்: 1-இல் வில்லை அழுத்திக் கடித்து, 2-இல் விட்டு, 3-இல் மீண்டும் தொட வேண்டும். மெட்டு அழகாக வந்தும் ஆடுபவர் கால் எழவில்லை என்றால் வில் எல்லாத் தட்டிலும் ஒரே எடையோடு போகிறது. பழைய மெட்டுகள் சிலவற்றுக்குக் கீழ் இரண்டு தந்திகளையும் ஒரு முழுச்சுரம் ஏற்றிச் சுருதி கூட்டுவார்கள். மெட்டோடு பக்கத்துத் தந்தியும் சேர்ந்து ஒலிக்க அது வசதி. சுரக்குறிப்பு கிடைக்கும், ஆனால் காதால் கற்பதே வழக்கம். இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இருமுறை. முதலில் பாடிப் பழகி, பிறகு வில்லை எடுங்கள்.

உப்லாண்ட் பகுதியின் வாத்தியம் நிக்கெல்ஹார்ப்பா. வில்லால் இழுத்து, இடது கையால் மரச் சாவிகளை அழுத்தி வாசிப்பது. காட்லாந்து தீவின் கெல்லுங்கே தேவாலயத்தில் சுமார் 1350-ஐச் சேர்ந்த சிற்பத்தில் இதன் முன்னோடி காணப்படுகிறது. இன்றைய வடிவத்தை 1929-ஐ ஒட்டி ஆகஸ்ட் பூலின் அமைத்தார், எரிக் சால்ஸ்ட்ரோம் பரப்பினார்: 3 மெட்டுத் தந்தி, 1 சுருதித் தந்தி, தொடாமலே அதிரும் 12 அனுதந்திகள், மொத்தம் 16. வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பதினாறையும் சுருதி சேர்க்கும் பொறுமை இருக்க வேண்டும், அனுதந்திகள் கலைந்திருந்தால் வாத்தியம் மங்கிப்போகும்.

நார்வேயின் ஹார்டாங்கர் ஃபிடிலிலும் அனுதந்திகள் உண்டு, நான்கோ ஐந்தோ. அங்கே ஹாம்போவுக்கு ஒன்றுவிட்ட உறவு ஸ்ப்ரிங்கார். அதில் மூன்று தட்டும் சம நீளமில்லை: டெலமார்க் பகுதியில் நீளம், நடுத்தரம், குறுகல்; வால்ட்ரஸில் குறுகல், நீளம், நடுத்தரம். மெட்ரோனோம் வைத்துப் பழகினால் இந்த நடை கையில் வராது. வாசிப்பவரின் பாதத்தோடு சேர்ந்து நடந்து பழகுவதே வழி.

கூடத்தில்

பழக்கம் இதுதான்: ஒருவரை அழைத்தால் அடுத்தடுத்து இரண்டு மெட்டு ஆடி, நன்றி சொல்லிப் பிரிவார்கள். யாரும் யாரையும் அழைக்கலாம். வேகமாக முன்னேறும் ஜோடிகள் வெளி வளையத்தில், தயங்குபவர்கள் உள்ளே. நடுவழியில் நின்று அடியை விளக்காதீர்கள். பின்னால் வரும் ஜோடி இடிக்கும். ஒதுங்கிப் பேசுங்கள்.

கோடையில் நிறைய வாய்ப்பு. டாலார்னாவின் பிங்ஷூ கிராமத்தில் 1969 முதல் நடந்துவரும் ஸ்பெல்மன் கூடுகையில் வீட்டு முற்றங்களிலும் கொட்டகை ஓரங்களிலும் வாசிப்பு இரவெல்லாம் போகும். ஹெல்சிங்லாண்ட் பகுதியில் 1965-இல் தொடங்கிய ஹெல்சிங்கேஹாம்போ போட்டி, முன்பு விடியற்காலையில் ஹோர்காவில் தொடங்கி ஊர் ஊராக நகர்ந்து ஆடப்பட்டது. சாத்தான் ஃபிடில் வாசித்து இளைஞர்களை நிற்கவிடாமல் மலையுச்சிவரை ஆடவைத்ததாகக் கதை சொல்லும் அதே ஹோர்காதான். வகுப்பாகக் கற்க, உப்லாண்டில் 1998 முதல் எரிக் சால்ஸ்ட்ரோம் நிறுவனம் இருக்கிறது. யுனெஸ்கோவும் கவனித்திருக்கிறது: நார்வேயின் செடெஸ்டால் இசை, நடனத்தை 2019-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது, 2023-இல் நிக்கெல்ஹார்ப்பா வலையமைப்பை நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பதிவேட்டில் ஏற்றது. நார்வே, டென்மார்க், ஸ்வீடனில் வாழும் தமிழர்கள் தங்கள் நகராட்சிப் பகுதியின் நாட்டுப்புற நடனச் சங்கத்தைக் கேட்டால் ஆரம்ப வகுப்பு பற்றிச் சொல்வார்கள். ஜோடியோடு போக வேண்டியதில்லை.

ஹாம்போ கைவந்ததும் ஊர்ப் போல்ஸ்காக்களுக்குப் போகலாம். தெற்கு ஸ்வீடனின் ஸ்லெங்போல்ஸ்காவில் தொடங்குவது எளிது, ஏனென்றால் ஜோடி கூடத்தைச் சுற்றாமல் சின்ன இடத்திலேயே ஆடும். அடுத்து டாலார்னாவின் போல்ஸ்காக்கள். அங்கே சில ஊர்களில் முதல் தட்டு குறுகும், எதிர்த்திசையில் சுழலும் 'பக்மெஸ்' வரும், ஹாம்போவின் எட்டு ஆவர்த்தனக் கணக்கும் உதவாது; எப்போது திரும்புவது என்று நடத்துபவர் முடிவெடுப்பார், இணை அதை அவர் எடையிலிருந்து படித்துக்கொள்வார். ஒரு நேரத்தில் ஒரு ஊரின் வடிவத்தை மட்டும் எடுங்கள். இரண்டு ஊர் நடைகளைச் சேர்த்துப் பழகினால் இரண்டும் கலந்து, மூன்றாவது ஒன்றாகிவிடும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.